இடைவிலகின பிள்ளையைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது எப்பிடி? வன்னி ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

இதை ரெண்டு விதமான ஆக்களுக்கு எழுதுறன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கம் இருந்துகொண்டு, உங்கட வீட்டிலயோ பக்கத்து வளவிலயோ பள்ளிக்கூடம் போகாம நிக்கிற ஒரு பிள்ளையைத் தெரிஞ்சவைக்கு முதல். மற்றது, 2008, 2009இல படிச்சுக்கொண்டிருக்கேக்கையே படிப்பு அறுந்து, இப்ப கலியாணம் கட்டிப் பிள்ளையளும் வந்து ஓ.எல் (பதினோராம் வகுப்பில எழுதுற சாதாரண தரப் பரீட்சை) இல்லாம நிக்கிறவைக்கு. வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரும் வாசியுங்கோ, உங்களுக்கும் நடுவில ஒரு பகுதி இருக்கு.

முதல் ஒண்டு சொல்லவேணும். சண்டை நடந்த அவ்வளவு காலமும் எங்கட பள்ளிக்கூடம் முழுசா நிண்டுபோனதே இல்லை. வன்னிக்குள்ள ஆட்சி வேற, ஆனா ரீச்சர்மாரின்ர சம்பளமும் பாடத்திட்டமும் சோதனைப் பேப்பரும் கொழும்பிலயிருந்துதான் வந்தது, குப்பி விளக்கில படிச்சு மற்ற மாவட்டத்துப் பிள்ளையள் எழுதின அதே பேப்பரைத்தான் எங்கட பிள்ளையளும் எழுதினவை. 2009இல சனம் எல்லாத்தையும் விட்டிட்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள்ள கிடந்தபோதும், தறப்பாள் கொட்டிலுக்குள்ள வகுப்பு நடந்தது, அந்த வருஷ ஏ.எல்லை (உயர்தரப் பரீட்சை) முகாமுக்குள்ள இருந்தே எழுதினவை. அப்பிடிப்பட்ட சனத்தின்ர பிள்ளை ஒண்டு இண்டைக்கு எட்டாம் வகுப்போட நிக்குது எண்டா, "அதுக்குப் படிப்பில விருப்பமில்லை" எண்டு சொல்லிட்டுப் போறதை நான் ஏற்க மாட்டன். காரணம் வேற எங்கயோ இருக்கு, அதைத்தான் முதல் தேடவேணும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கிறது

பிள்ளையிட்டப் போய் "ஏன் பள்ளிக்கூடம் போறேல்லை" எண்டு கேக்காதேங்கோ, அது அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும், தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கும், அவ்வளவுதான். காலமை எத்தினை மணிக்கு எழும்புது, ஆர் சமைக்கிறது, தம்பி தங்கச்சியை ஆர் பாக்கிறது, பஸ் எத்தினை மணிக்கு, கடைசியாப் போன நாள் என்ன நடந்தது, இப்பிடிச் சின்னச் சின்னதாக் கேளுங்கோ. அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி கார்மெண்ட்ஸ் பஸ்ஸுக்குப் போறா எண்டா வீட்டில மூத்த பிள்ளைதான் அம்மா. அப்பா இல்லாத வீடு கனக்க, சிலருக்கு அப்பா செத்திட்டாரா இருக்கிறாரா எண்டே இண்டைக்கு வரைக்கும் தெரியாது. நுண்கடன் எடுத்த வீடு எண்டா லோன்காரன் வாற கிழமைக்குப் பெடியன் கல்லரியிற இடத்துக்கோ கடலுக்கோ போய்த்தான் ஆகவேணும். பஸ் ஓடாத றோட்டில ஒரு பொம்பிளைப் பிள்ளையை காட்டுக்கரையால அஞ்சு கிலோமீற்றர் தனிய நடக்கவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது, அதில பிழையும் இல்லை.

இதெல்லாத்தையும் விட ஒரு காரணம் வெளியில தெரியாது. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. நம்பாதவை ஒருக்காச் செய்து பாருங்கோ. எட்டாம் வகுப்பில இருக்கிற பெடியன்ர கொப்பியைப் பாத்தா கையெழுத்து முத்து முத்தா இருக்கும், கரும்பலகையில ரீச்சர் எழுதினதை அச்சொட்டா இறக்கி வச்சிருப்பான், நடுவில ஒரு வரியைக் காட்டி "இதை வாசி அப்பு" எண்டா கண் அங்கயும் இஞ்சயும் ஓடும், முதல் எழுத்தைச் சொல்லுவான், பிறகு ஊகிப்பான். அவன் எழுதேல்லை, படம் கீறுற மாதிரிக் கீறி வச்சிருக்கிறான். 2020, 2021இல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மாசக்கணக்கில பூட்டினது, 2022இல பெற்றோல் இல்லாம திரும்பப் பூட்டினது, அப்ப ரெண்டாம் மூண்டாம் வகுப்பில இருந்த பிள்ளையள் வாசிக்கப் பழகவேண்டிய வருஷத்தைத் தவறவிட்டிட்டு வகுப்பேறிக்கொண்டே வந்திட்டினம். ஸூமில படிப்பிச்சவை எண்டு சொல்லுவினம், சிக்னல் எடுக்க மரத்தில ஏறவேண்டிய ஊரில என்ன ஸூம். வீட்டில சொல்லிக்குடுக்க அம்மா அப்பாவுக்கும் ஏலாது, ஏனெண்டா அவையின்ர பள்ளிக்கூடக் காலம் இடப்பெயர்வில போட்டுது.

அதால மூண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒண்டைக் கையோட வச்சிருங்கோ. மற்ற ஆக்களுக்கு முன்னால வேண்டாம், தனிய இருத்தி ஒரு பக்கம் வாசிக்கக் குடுங்கோ. வாசிக்கத் தடுமாறினா நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான், சப்பாத்தும் புத்தகப் பாக்கும் வாங்கிக் குடுத்து அனுப்பினா ரெண்டு கிழமையில திரும்பி வீட்டில நிக்கும். பின்னேரத்தில அரை மணித்தியாலம், ஒவ்வொரு நாளும், ஒராளே இருந்து வாசிப்பிச்சாப் போதும், ஏ.எல் முடிச்சிட்டு ரிசல்ட்டுக்கு நிக்கிற அக்காமார் ஊருக்கு ஒராள் எண்டாலும் இருக்கினம், அவையைக் கேளுங்கோ.

பேப்பர் அலுவல்

சட்டப்படி 5 வயசிலயிருந்து 16 வயசு வரைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில இருந்தே ஆகவேணும். முந்தி 14 எண்டு இருந்ததை 2016இல 16 ஆக்கினவை. அதால 16க்கு உட்பட்ட பிள்ளையைச் சேர்க்கச் சொல்லிப் போறபோது கெஞ்சிக்கொண்டு நிக்கத் தேவையில்லை, அது பிள்ளையின்ர உரிமை.

பிறப்புச் சான்றிதழ் இல்லை எண்டு சொல்லி வீட்டில வச்சிருக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம். பதிஞ்சு இருந்து துண்டு தொலைஞ்சா பிரதேச செயலகத்தில பிரதி எடுக்கலாம். பதியவே இல்லை எண்டா காலம் கடந்த பதிவு செய்யவேணும், பிறந்து மூண்டு மாசம் தாண்டினா எல்லாமே அந்தக் கணக்குத்தான், ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) கடிதம் எடுத்துக்கொண்டு டிஎஸ் ஒஃபிஸில (பிரதேச செயலகம்) பதிவாளர் பகுதிக்குப் போங்கோ, கிளினிக் கார்ட், ஞானஸ்நானத் துண்டு, எது இருக்கோ எல்லாத்தையும் கொண்டு போங்கோ. பிறந்ததுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லாட்டி உத்தேச வயதுச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் பள்ளிக்கூட அலுவலுக்குச் செல்லும். இது எல்லாம் முடிய மாசக்கணக்கு எடுக்கும், அதுவரைக்கும் பிள்ளை வீட்டில நிக்கக்கூடாது. விண்ணப்பிச்ச பற்றுச்சீட்டைக் காட்டி, "சான்றிதழ் வந்த உடன தாறம், இப்ப வகுப்பில இருக்கட்டும்" எண்டு அதிபரிட்டச் சொல்லுங்கோ.

மற்றது விடுகைப் பத்திரம். பழைய பள்ளிக்கூடத்தில எடுக்காமலே வேற ஊருக்கு வந்திருப்பினம். ஆளே போகவேணும் எண்டில்லை, புதுப் பள்ளிக்கூடத்து அதிபர் பழைய அதிபருக்கு ஒரு கோல் எடுத்தா பாதி அலுவல் முடியும்.

அப்பா காணாமல் போன வீட்டுக்கு ஒரு விசயம். கனக்க அம்மாமார் மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டினம், எடுத்தா அவர் செத்திட்டார் எண்டு தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி எண்டு நினைக்கினம், அவையை வற்புறுத்தாதேங்கோ. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில, ஆள் இறந்ததா எழுதாம, காணாமல் போயிருக்கிறார் எண்டு மட்டும் பதிஞ்சு குடுக்கிற சான்றிதழ் ஒண்டு இருக்கு. அப்பான்ர கையெழுத்து எங்க எண்டு கேக்கிற இடத்தில அது உதவும்.

ஆரிட்டப் போறது

முதல் வகுப்பாசிரியர். அதிபர் இல்லை. வகுப்பு ரீச்சர் மனம் வச்சா பிள்ளை நிக்கும், அவவுக்குத் தெரியாம அதிபரிட்டப் போய்ச் சேர்த்தா இடாப்பில பேர் மட்டும் இருக்கும். அதுக்குப் பிறகு அதிபர். ரெண்டு பேரும் சரிவராட்டி வலயக் கல்வி அலுவலகத்தில முறைசாராக் கல்விக்கு எண்டே ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார், இடைவிலகின பிள்ளையளின்ர அலுவல் அவரின்ர வேலை, அவரைத் தேடி ஒருத்தரும் போறேல்லை எண்டதுதான் கவலை. டிஎஸ் ஒஃபிஸில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறா. வீட்டில அடி உதை, குடி, சின்ன வயசுக் கலியாணக் கதை ஏதும் இருந்தா நேர அவவிட்டப் போங்கோ, பள்ளிக்கூடத்தைச் சுத்திக்கொண்டு நிக்காதேங்கோ.

சில இடத்தில "இந்தப் பிள்ளையால எங்கட சித்தி வீதம் குறையும்" எண்டு வாயால சொல்லாம இழுத்தடிப்பினம். அப்ப சண்டை பிடிக்காம, பிள்ளையின்ர பேர், வயசு, எந்தத் திகதி வந்து கேட்டது, என்ன மறுமொழி எண்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில போடுங்கோ, பிரதி ஒண்டைக் கையில வச்சிருங்கோ. கடிதத்துக்கு மறுமொழி குடுத்தே ஆகவேணும், வாய்க்கதைக்கு இல்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போற முதல் நாள் நீங்களும் போங்கோ, முதல் கிழமை முழுக்கப் போனாலும் நல்லது. வசதிக்கட்டணம் கட்டக் காசு இல்லை எண்டதுக்காகப் பிள்ளையை நிப்பாட்ட ஏலாது, புத்தகம் இலவசம், சீருடைத் துணியும் குடுக்கினம், சிசுசெரிய (பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டு விடுற) பஸ் ஓடுற றோட் எண்டா சீசன் ரிக்கட் மலிவு. வயசு கூடின பிள்ளையைச் சின்னப் பிள்ளையளோட இருத்துறதா, வயசுக்கேத்த வகுப்பில இருத்துறதா எண்டு கேட்டா, நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவன். மீசை அரும்பின பெடியனை ஆறாம் வகுப்பு வாங்கில இருத்தினா அவன் அடுத்த நாள் வரமாட்டான். வயசு வகுப்பில இருக்கட்டும், வாசிப்பை பின்னேரம் தனியப் பாப்பம்.

ஓ.எல் வந்தாப் பிறகு

ஓ.எல்லில ஒன்பது பாடம். ஏ.எல் போறதுக்குப் பொதுவா ஆறு பாடம் சித்தி, அதில மூண்டு சி (திறமைச் சித்தி) வேணும். கணிதத்தையும் தாய்மொழியையும் பற்றி பிரிவுக்குப் பிரிவு நிபந்தனை வேற, அதிபரிட்ட அந்த வருஷச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. வன்னியில விழுகிறது கணிதம், விஞ்ஞானம், இங்கிலீஷ் மூண்டிலயும்தான், ஏனெண்டா அந்த மூண்டுக்கும்தான் ரீச்சர் நிக்கிறேல்லை. யாழ்ப்பாணத்திலயிருந்து கஷ்டப் பிரதேச சேவைக்கு வாற ரீச்சர் தன்ர காலம் முடிய மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவா, அவவுக்கும் குடும்பம் இருக்கு, அவவைத் திட்டிப் பிரயோசனமில்லை, ஆனா பிள்ளைக்கு ஒரே வருஷத்தில மூண்டு கணித ரீச்சர் மாறும். அதால பத்தாம் வகுப்புத் தொடங்கேக்கையே கடந்தகால வினாத்தாளை எடுத்து, முதல் பகுதியில வாற சுகமான கணக்குகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்விக்கவேணும். மெல்லக் கற்கிற பிள்ளைக்கு ஏ எடுக்கிற ஆசை காட்டவேண்டாம், எஸ் (சாதாரண சித்தி) எடுத்தா கதவு திறக்கும், அது காணும்.

ஓ.எல் விட்டுப்போச்சு எண்டா? அதோட முடிஞ்சுது எண்டு தையல் மெசினுக்கு முன்னால இருத்தாதேங்கோ. 2017இல தொடங்கின 13 வருஷ உறுதிப்படுத்தப்பட்ட கல்வியில, ஓ.எல் பெறுபேறு எப்பிடி இருந்தாலும் 12ஆம் வகுப்புக்குத் தொழிற்பிரிவில போகலாம், முடிவில என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கிடைக்கும். எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இல்லை, தெரிஞ்செடுத்த சிலதில மட்டும்தான், எது எண்டு வலயத்தில கேளுங்கோ. கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கு, மோட்டர் மெக்கானிக், வெல்டிங் எண்டு கைவேலையில கெட்டிக்காரப் பெடியளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியேல்லை. வி.ரி.ஏ, நைட்டா எண்ட அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனங்கள், தொழில்நுட்பக் கல்லூரி எல்லாம் இருக்கு. அங்க போறது படிப்பில தோத்தவை எண்ட நினைப்பை முதல் வீட்டில விடவேணும், பிள்ளை அதைப் பேச்சில இல்லை, உங்கட முகத்தில பாக்கும்.

ஓ.எல் நல்லாச் செய்த பிள்ளைக்கு வாறது வேற ஆபத்து. உடன யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்த வெளிக்கிடுவினம். பொறுங்கோ. கம்பஸ் (பல்கலைக்கழக) அனுமதி ஏ.எல் பெறுபேற்றை வச்சுக் கணிக்கிற இசட் புள்ளியில நடக்குது, கனக்கப் பாடநெறியளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா எல்லாம் அந்தப் பின்தங்கின பட்டியலில இருக்கு. எந்த மாவட்டத்துக் கணக்கில பிள்ளை வரும் எண்டதை ஏ.எல்லுக்கு முன்னான மூண்டு வருஷம் எங்க படிச்சது எண்டதை வச்சுத்தான் பாக்கினம். இடையில மாத்தினா உங்கட மாவட்டத்தில கிடைக்கவேண்டிய இடம் கைநழுவலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருஷமும் விடுற கைநூலில இது எல்லாம் எழுதிக் கிடக்கு, மாத்த முதல் அதை எடுத்து வாசியுங்கோ. எழுபதுகளில தரப்படுத்தல் எண்டு, தமிழ்ப் பிள்ளையளுக்குக் கூடின புள்ளி வேணும் எண்டு கொண்டுவந்து எங்கட பிள்ளையளின்ர கம்பஸ் கனவை உடைச்சதுதான் பிறகு நடந்த எல்லாத்துக்கும் ஒரு முக்கிய காரணம், அந்தக் கோபம் எங்கட வீடுகளில இப்பவும் இருக்கு. ஆனா இண்டைக்கு புதுக்குடியிருப்பிலயும் துணுக்காயிலயும் வசதி குறைஞ்ச பள்ளிக்கூடத்திலயிருந்து எழுதுற பிள்ளை கம்பஸ் போறதுக்கு இந்த மாவட்டக் கோட்டாதான் வழி, இதை எங்கட ஆக்கள் விளங்கிக்கொள்ளவேணும் எண்டு நான் கெஞ்சியே கேக்கிறன். ஏ.எல் மூண்டு தரம் எழுதலாம், முதல் தரத்தோட உடைஞ்சு போகவிடாதேங்கோ. கம்பஸ் கிடைச்சாச் செலவுக்கு என்ன செய்யிறது எண்டு பயப்பிடுற வீட்டுக்கு, மஹாபொல, பர்சரி எண்டு ரெண்டு உதவிப்பணம் இருக்கு எண்டு சொல்லுங்கோ.

வெளிநாட்டில இருந்து உதவிறவைக்கு

கேற், வளைவு, சிலை கட்டக் காசு அனுப்பாதேங்கோ. பள்ளிக்கூடத்துக்கு வாசல் இருக்கு, கணித ரீச்சர்தான் இல்லை. ஊரிலயே இருக்கிற பட்டதாரிப் பிள்ளை ஒண்டுக்கு மாசம் ஒரு தொகை குடுத்து பின்னேர வகுப்பு நடத்துறது, தூரத்துப் பிள்ளையளுக்குச் சைக்கிள், சைக்கிளுக்கு வருஷத்தில ரெண்டு தரம் ரயர் ரியூப், பின்னேர வகுப்புக்கு வாற பிள்ளையளுக்கு ஒரு பிளேன்ரீயும் பணிஸும். பசியோட இருக்கிற பிள்ளைக்குப் பின்னக்கணக்கு ஏறாது. காசைத் தனியாளிட்ட அனுப்பாம பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கோ பழைய மாணவர் சங்கக் கணக்குக்கோ போட்டு, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கோ, கேக்கிறதில வெக்கப்பட ஒண்டுமில்லை. ஒரு வருஷம் குடுத்திட்டு நிப்பாட்டுறதா இருந்தா தொடங்காதேங்கோ, ஆறாம் வகுப்பில தொடங்கினா ஓ.எல் மட்டும் நிக்கிறதா முடிவெடுத்துத் தொடங்குங்கோ. மற்றது, பிள்ளை கையில கொப்பியைக் குடுத்து ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போடுறதை தயவுசெய்து விடுங்கோ, அந்தப் பிள்ளையின்ர வகுப்பில எல்லாரிட்டயும் ஃபோன் இருக்கு.

படிப்பு அறுந்த பெரிய ஆக்களுக்கு

2009இல பதினைஞ்சு பதினாறு வயசு, புத்தகப் பாக்கை மாத்தளனிலயோ முள்ளிவாய்க்காலிலயோ விட்டிட்டு வந்தனீங்கள். ஓ.எல் எழுதி, சான்றிதழ் மட்டும் தொலைஞ்சது எண்டா அது சுகமான அலுவல், பரீட்சைத் திணைக்களத்தில பதிவு இருக்கு, ஒன்லைனில விண்ணப்பிச்சு எடுக்கலாம். சுட்டெண் ஞாபகமில்லை எண்டா எழுதின வருஷம், பள்ளிக்கூடம், முழுப்பேர் சரியாக் குடுங்கோ, அந்தக் காலத்தில பேர் எப்பிடி எழுதி இருந்ததோ அதே எழுத்தில குடுக்கவேணும்.

எழுதவே இல்லை எண்டா தனியார் பரீட்சார்த்தியா இப்பவும் எழுதலாம், வயசுக் கட்டுப்பாடு இல்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே தரத்தில எழுதவேணும் எண்டு நினைச்சு மலைக்காம, தமிழ், சமயம், வரலாறு மாதிரிக் கை வரக்கூடிய பாடங்களோட தொடங்குங்கோ, அது தாற தெம்பில மற்றதைப் பாக்கலாம். செல் துண்டு உடம்பில இருக்கு, கை ஏலாது, கண் பார்வை குறைவு எண்டா மருத்துவ அறிக்கையோட முன்கூட்டியே விண்ணப்பிச்சா மேலதிக நேரமோ எழுதித்தாற ஆளோ தருவினம், அதைக் கேக்காமலே கஷ்டப்பட்டு எழுதினவையை எனக்குத் தெரியும்.

பத்துப் பதினைஞ்சு வருஷம் மேசன், வயரிங், வெல்டிங் வேலை செய்தவை ஓ.எல்லுக்குப் போகாமலே என்.வி.கியூ எடுக்கலாம், முன் அனுபவத்தை அங்கீகரிக்கிற முறையில நைட்டாவில விண்ணப்பிச்சு, செய்த வேலையின்ர படம், முதலாளிமாரின்ர கடிதம் எல்லாம் ஒரு ஃபைலில சேர்த்துக் குடுத்தா, ஆள் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பாத்துத்தான் தருவினம். வெளிநாட்டு வேலைக்குப் போறவைக்கு அந்தத் துண்டு பெரிய உதவி.

கடைசியா திகதி விசயம். முந்தி ஆகஸ்டில ஏ.எல், டிசம்பரில ஓ.எல் எண்டு இருந்தது, கொரோனாவுக்குப் பிறகு அது எல்லாம் குழம்பிப்போச்சு, பழைய நினைப்பில இருந்தா விண்ணப்ப முடிவு போயிடும். பரீட்சைத் திணைக்களத்தின்ர வெப்சைற்றை மாசத்தில ஒருக்காப் பாருங்கோ, ஃபோனில பாக்கத் தெரியாட்டி பக்கத்துப் பள்ளிக்கூட ஒஃபிஸில கேளுங்கோ, விண்ணப்பம் போட முதல் அடையாள அட்டை இருக்கோ, அதில பேர் பிறப்புச் சான்றிதழோட ஒத்து இருக்கோ எண்டு பாத்திட்டுப் போடுங்கோ, ஒரு எழுத்து மாறினாலும் திருத்துறதுக்குக் கனக்க அலைய வேண்டி வரும்.